ரஸ்க்கு யாருக்குச் சொந்தம்

ரஸ்க்கு நாயே இல்லை, அது ஒரு பாத்திரம் என்று கம்பெனி வக்கீல் சொன்னபோது டாக்டர் சுகிர்தாவுக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. ஒரு மடக்குத் தண்ணீர் குடித்துவிட்டு, மனுஷன் விளையாட்டுக்குச் சொல்கிறாரா என்று முகத்தைப் பார்த்தாள். அவர் விளையாடவில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் நிதானமாக விளக்கிக்கொண்டிருந்தார். கம்பெனிக்கு உரிமையுள்ள செல்கள் எதற்குள் உயிரோடு இருக்கின்றனவோ, அது சட்டப்படி பாத்திரம். கண்ணாடிக் குப்பியாக இருக்கலாம், பிளாஸ்டிக் தட்டாக இருக்கலாம், நாலு காலும் ஒரு வாலும் உள்ளதாகவும் இருக்கலாம். பாத்திரத்தைத் திருப்பி எடுத்துக்கொள்ளவும் காலி செய்யவும் கம்பெனிக்கு உரிமை உண்டு.

"அந்தப் பாத்திரம் நேத்து என் செருப்பைக் கடிச்சுப் போட்டுச்சு சார்" என்றாள் சுகிர்தா.

ஒருவரும் சிரிக்கவில்லை. மேசையின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த டாக்டர் சிவசைலம் மட்டும் பேனாவை உருட்டிக்கொண்டே அவளைப் பார்த்தார். தளிர்செல் கம்பெனியின் ஆராய்ச்சி முழுவதும் அவர் கையில்தான். சுகிர்தா அங்கே கால்நடை மருத்துவர். கட்டிகளை வெட்டிப் பார்த்து, எது சாது, எது கொடுமை என்று சொல்வது அவள் வேலை. சந்திரனில் தக்காளி காய்த்துவிட்டது என்று ஊரெல்லாம் பேசிக்கொண்டிருந்த வருஷம் அது. ஆனால் பாளையங்கோட்டைத் தெருக்களில் நாய்கள் பழையபடிதான் இருந்தன. பெட்டை நாய்களுக்கு மடியில் கட்டி வருவதும் பழையபடிதான் இருந்தது.

வக்கீல் இன்னொன்றும் சொன்னார். உயிர்ப்பொருள் உரிமைச் சட்டம் உரிமையை மட்டும் தரவில்லை, கடமையையும் சேர்த்துத் தந்திருக்கிறது. செல்களைக் காபந்தாக வைத்திருக்க வேண்டும். உரிமைக்காரர் தன் கையாலேயே அவற்றை ஊருக்குள் கொடுத்துவிட்டால், அன்றோடு அந்தச் செல்லுக்கும் அதைச் செய்யும் முறைக்கும் உரிமை போச்சு. ரஸ்க்கு இவ்வளவு நாள் தெருவில் திரிந்தது பரவாயில்லை, ஏனென்றால் அது காது வெட்டிய நாய். கருத்தடை செய்த அடையாளமாக இடது காதில் ஓர் ஓரம் இல்லாத நாய் குட்டி போடாது, பெருகாது. ஆகவே அது மூடிய பாத்திரம். ஆனால் மருந்து இனி மனிதர்களுக்குப் போகப் போகிறது. போட்டிக் கம்பெனிக்காரன் எவனாவது ஒரு பிஸ்கட்டைக் காட்டி ரஸ்க்கை ஏற்றிக்கொண்டு போனால் என்ன செய்வது? வருகிற திங்கட்கிழமை காலையில் வண்டி போய்ப் பிடித்து வந்துவிடும்.

"பிடிச்சு வந்து?" என்று கேட்டாள் சுகிர்தா.

அதற்குச் சிவசைலம்தான் பதில் சொன்னார். நாயைத் தூங்க வைத்து, முழு உடம்பையும் அறுத்துப் பார்ப்பார்கள். மூளை, ஈரல், எலும்பு என்று ஒவ்வொன்றிலும் செல் எங்கே போய் உட்கார்ந்திருக்கிறது என்று பார்த்துக் காட்டினால் மனிதர்களுக்கு விற்கும் அனுமதி சீக்கிரம் கிடைத்துவிடும், சோதனைக்கு ஒரு சிலருக்குக் கொடுக்க மட்டும்தான் இப்போது அனுமதி.

ஊசியால் துணுக்கு எடுத்துப் பார்த்தாலே போதும், படமெடுத்தாலே பாதி தெரிந்துவிடும், இதற்குக் கொல்ல வேண்டிய அவசியமே இல்லை என்று சுகிர்தா வாதாடினாள். வாதாடும்போதே தெரிந்துவிட்டது, இவர்களுக்கு வேண்டியது துணுக்கு இல்லை, நாய் இல்லாமல் போவதுதான் என்று. கூட்டம் முடிந்து எழுந்தபோது சிவசைலம் அவளை மட்டும் நிறுத்தினார்.

"அந்தத் தையல்கடை அம்மா, பாத்திமா, நம்ம மருந்துக்குக் காத்திருப்போர் வரிசையில இருக்காங்க இல்லையா? நாய் ஒழுங்கா வந்து சேந்துதுன்னா, மனுஷங்கள்ல முதல் ஆள் அவங்கதான். என் வாக்கு. யோசிச்சுப் பாருங்க சுகிர்தா. ஒரு தெருநாய். ஒரு மனுஷி."

வாயில் வந்ததை விழுங்கிக்கொண்டு அவள் வெளியே வந்தாள். அந்த ஆள் கணக்கை இப்படிப் போட்டுக் கொடுத்ததுதான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ரஸ்க்கைக் கம்பெனிக்குக் கொண்டுவந்ததே அவள்தான். செய்யதலி பாத்திமாவின் தையல் கடை வாசலில் கிடக்கும் செம்பட்டைக் கிழவி அது. டீயில் நனைத்த ரஸ்க்கைத் தவிர வேறு எதைப் போட்டாலும் முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொள்ளும், அதனால் அந்தப் பெயர். பாத்திமா அதைத் தொடமாட்டாள், அவள் மார்க்கத்தில் நாயின் எச்சில் ஆகாது. ஆனால் பசியோடு விடவும் மாட்டாள். அதற்கென்று ஒரு நசுங்கிய அலுமினியத் தட்டு, அதற்கென்று ஒரு கரண்டி, கடைப்படிக்கு வெளியே ஒரு கோணிச்சாக்கு. போன வருஷம் ரஸ்க்கின் மடியில் எலுமிச்சம்பழம் அளவில் ஒரு கட்டி வந்து, மாங்காய் அளவு வளர்ந்து, தரையில் உரசிப் புண்ணானது. அப்போது ஜாக்கெட் தைக்கக் கொடுக்க வந்த சுகிர்தாவிடம் பாத்திமா முறையிட்டாள். ஏற்கெனவே ஒரு தடவை கட்டியை வெட்டி எடுத்தார்கள், மறுபடியும் வந்துவிட்டதே, இது என்ன அநியாயம் என்று கேட்டாள்.

சுகிர்தா அன்றைக்கு அவளுக்குச் சொன்ன விளக்கத்தைத்தான் பிறகு கம்பெனி தன் விளம்பரத்தில் திருடிக்கொண்டது. வயலில் கோரைப்புல்லை அறுத்தால் மறுபடி முளைக்கிறது, ஏனென்றால் கிழங்கு மண்ணுக்குள்ளேயே இருக்கிறது. கட்டியிலும் அப்படித்தான். கோடிக்கணக்கான செல்கள் வெறும் புல். நூற்றில் ஒன்றிரண்டு மட்டும் கிழங்கு. அவற்றுக்குப் புற்றுத் தண்டுசெல் என்று பேர். மருந்து அடித்தால் புல் காயும், கிழங்கு தூங்கும். எல்லாம் அடங்கிய பிறகு எழுந்து மறுபடியும் கட்டியைக் கட்டும்.

"அப்பம் கெழங்கைத் தோண்டி எடுக்கணும்" என்றாள் பாத்திமா.

"தோண்ட முடியல அக்கா. எங்க இருக்குன்னே தெரியாது. அதனால நாங்க வேற ஒண்ணு செஞ்சு பாக்கறோம். அது இன்னும் வளராத பிள்ளை. என்னவா ஆகணும்னு தெரியாம ஊரைக் கெடுத்துட்டுத் திரியுது. கட்டியில கிடைக்கற சிலதை மட்டும் வெளிய எடுத்து, வளத்து, பால் சுரக்கற செல்லா ஆக்கி, திருப்பி உள்ள அனுப்பறோம். அது போய் மத்ததையும் தன்னை மாதிரி ஆக்கிரும்."

அந்தச் செல்களை முதலில் கண்டுபிடித்த கதையே ஒரு தமாஷ். ஆய்வகத்தில் செல் வளர்க்கிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. தட்டின் அடியில் ஒட்டியிருப்பது உயிர், மிதப்பது பிணம். ஒவ்வொரு முறை ஊட்டத் திரவம் மாற்றும்போதும் மிதப்பதைக் கொட்டிவிடுவார்கள். சுகிர்தாவும் காலமெல்லாம் கொட்டியவள்தான். ரஸ்க்கின் கட்டியிலிருந்து எடுத்த செல்களில் மிதந்தவை மட்டும் சின்னச் சின்ன உருண்டையாகச் சேர்ந்து மிதந்ததைப் பார்த்து ஏனோ கை நின்றது. தொட்டியில் ஊற்றப்போனதை எடுத்து வேறு தட்டில் வைத்தாள். அந்த உருண்டைகள்தான் கிழங்கு. அதிலிருந்துதான் மருந்தே வந்தது. திருடு போனால் அடையாளம் காட்ட வேண்டும் என்று கம்பெனி அந்தச் செல்களுக்குள் ஒரு முத்திரையும் வைத்தது. நீல வெளிச்சத்தில் பார்த்தால் அவை மட்டும் பச்சையாக மின்னும்.

ரஸ்க்கு பிழைத்தது. மாங்காய் எலுமிச்சையாகி, எலுமிச்சை சுண்டைக்காயாகி, கடைசியில் கை வைத்துத் தடவினால் மெத்தென்ற மடி மட்டும் இருந்தது. தெருவிலேயே விட்டுக் கவனிப்போம், பத்திரிகைக்காரர்களுக்கும் காட்டலாம் என்று சிவசைலம்தான் அதைப் பாத்திமா கடை வாசலுக்குத் திருப்பி அனுப்பினார். அதற்கு முன் நடந்த ஆலோசனையில் வெளியூர் நிபுணர் ஒருவர் திரையில் தோன்றி, பால் விஷயத்தை யோசித்தீர்களா என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். காது வெட்டின நாய் சார், குட்டியே கிடையாது, பிறகு யாருக்குப் பால் என்று பதில் போயிற்று. சுகிர்தாவும்கூடச் சிரித்தாள்.

இரண்டு மாதத்துக்கு முன் விளம்பரத்துக்காக அதே தெருவில் கம்பெனி ஒரு முகாம் போட்டது. தாயை லாரி அடித்துப்போட்டதில் அநாதையான ஐந்து குட்டிகளை ரிப்பன் கட்டி, நல்ல குடும்பங்களுக்குக் கொடுத்தார்கள். சிவசைலமே ஒன்றைத் தூக்கிப் படமெடுத்துக்கொண்டார். "தாயில்லாக் குட்டிங்களாச்சே, எப்படி இவ்வளவு கொழுகொழுன்னு இருக்கு?" என்று அவர் ஆச்சரியப்பட்டதை எல்லோரும் கேட்டார்கள். பாத்திமா பால் பவுடர் வாங்கி ஊற்றியிருப்பாள் என்று சுகிர்தா நினைத்துக்கொண்டாள். பாத்திமாவோ கம்பெனிக்காரர்கள்தான் ஊற்றினார்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

பாத்திமாவின் மார்பில் கட்டி இருப்பது போன வருஷம் ரஸ்க்குக்கு மருந்து கொடுத்துக்கொண்டிருந்தபோதுதான் தெரிந்தது. அறுவை முடிந்து, மருந்து முடிந்து, தலையில் முடி மறுபடி முளைக்கத் தொடங்கியபோது அதுவும் மறுபடி முளைத்தது. அவளுக்கு இப்போது இருந்த ஒரே வழி அந்தக் காத்திருப்போர் வரிசைதான்.

வக்கீல் பேசிய அன்று மாலையே சுகிர்தா கடைக்குப் போனாள். சிவசைலம் சொன்னதை ஒன்று விடாமல் சொன்னாள். மறைக்க அவளுக்கு மனம் வரவில்லை, பாத்திமாவின் உயிர் விஷயம் அது. ரஸ்க்கைக் கொடுத்தால் முதல் இடம். கொடுக்காவிட்டால் இடம் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது.

பாத்திமா தையல் மிஷினை நிறுத்தவில்லை. தைத்துக்கொண்டிருந்த புர்க்காவின் ஓரத்தை முடித்து, நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

"எனக்கும் அதே மாதிரிதான் செய்வீய? என் செல்லை எடுத்து, பாடம் சொல்லிக்குடுத்து, எனக்குள்ளேயே திருப்பி விடுவீய?"

"ஆமாக்கா."

"அது எங்கிட்ட வந்தப்புறம் யாரோடது?"

பாத்திமா கையெழுத்துப் போட வேண்டிய ஒப்பந்தத்தின் கடைசி வரியில் அது தெளிவாகவே இருந்தது. பயிற்சி பெற்ற செல்கள் கம்பெனியின் உடைமை. அவற்றைத் திரும்பப் பெறவும், அவை இருக்கும் உடலைத் தேவைப்பட்டபோது சோதனைக்கு அழைக்கவும், அவ்வுடல் ஊரை விட்டுப் போகாமல் தடுக்கவும் கம்பெனிக்கு அதிகாரம் உண்டு. பாத்திமா அதை ஏற்கெனவே படித்திருந்தாள். படித்துவிட்டு, நேர்காணலில் சிவசைலத்தைப் பார்த்து, எனக்கு ஒண்ணும் ஆகாதுல்லா என்று மட்டும் கேட்டாளாம். விளைவுகளுக்குக் கம்பெனி பொறுப்பேற்காது என்று அவர் பதில் சொன்னாராம்.

"என் பிள்ளையைக் கொஞ்ச நாள் பள்ளிக்கூடத்துல வச்சிருந்துட்டு, திருப்பி அனுப்பும்போது இது எங்க பிள்ளைன்னு சொன்னா எப்படி டாக்டரம்மா?" பாத்திமாவின் குரல் உயரவில்லை. ஆனால் கண் சிவந்திருந்தது. "இன்னைக்கு ரஸ்க்கைப் பிடிக்க வண்டி வருது. நாளைக்கு எனக்கும் அந்த வண்டிதான் வரும். நான் மாட்டேன். அந்தக் கடைசி வரியை அடிச்சாத்தான் கையெழுத்து. ரஸ்க்கையும் குடுக்க மாட்டேன்."

"அக்கா, அவ்வளவு நாள்..." என்று தொடங்கிய சுகிர்தா வாக்கியத்தை முடிக்கவில்லை. காத்திருக்கும் அளவுக்கு உங்களிடம் நாள் இல்லை என்பதை எப்படிச் சொல்வது?

"எனக்குத் தெரியும்" என்றாள் பாத்திமா. "சாவுக்குப் பயமில்லன்னு பொய் சொல்ல மாட்டேன். பயமாத்தான் இருக்கு. ஆனா பாத்திரமா இருந்து பொழைக்க மாட்டேன்."

ரஸ்க்கைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று சுகிர்தா வெளியே வந்தாள். கோணிச்சாக்கு காலியாக இருந்தது. பக்கத்துப் பழைய இரும்புக் கடையின் சந்துக்குள் ஏதோ முனகல் கேட்டது. எட்டிப் பார்த்தாள். கவிழ்த்துப் போட்டிருந்த ஒரு ஆட்டோக் கூட்டின் நிழலில் ரஸ்க்கு ஒருக்களித்துப் படுத்திருந்தது. அதன் வயிற்றோடு ஒட்டிக்கொண்டு கண் திறக்காத நாலு குட்டிகள் முட்டி முட்டிக் குடித்துக்கொண்டிருந்தன. யார் பெற்ற குட்டிகளோ, தாய் எங்கே போயிற்றோ. ரஸ்க்கு தலையைத் தூக்கி அவளைப் பார்த்துவிட்டு, உனக்கு என்ன வேணும் என்பதுபோல் மறுபடி கீழே வைத்துக்கொண்டது.

சுகிர்தா அப்படியே இரும்புக் குவியல் மேல் உட்கார்ந்துவிட்டாள். பால் சுரக்கும் செல்லாக மாற்றினோம். மாறியது. சுரந்தது. சுரந்தால் யாராவது வந்து குடிப்பார்கள் என்று இத்தனை படித்தவர்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. காதைப் பார்த்தோமே தவிர மடியைப் பார்க்கவில்லை.

அப்புறம்தான் பயம் வந்தது. பாலோடு செல்லும் போகும். எந்தத் தாயின் பாலிலும் கொஞ்சம் தாயின் செல் கலந்துதான் பிள்ளைக்குப் போகிறது. வளர்ந்த நாய்க்குள் போனால் உடம்பு அதை அயலாள் என்று அடித்து விரட்டிவிடும். கண் திறக்காத குட்டிக்குத் தன்னுடையது எது, அயலது எது என்று தெரியாது, வந்ததையெல்லாம் சொந்தம் என்று வைத்துக்கொள்ளும். ஒரு காலத்தில் புற்றாக இருந்த செல் அது. திருந்தியது திரும்பவும் கெட்டால்? கைக்குட்டையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஒரு சொட்டுப் பாலைக் கண்ணாடிச் சில்லில் எடுத்துக்கொண்டாள்.

பையிலிருந்த கையடக்க நுண்ணோக்கியில் நீல விளக்கைப் போட்டுப் பார்த்தபோது பாலுக்குள் பச்சைப் புள்ளிகள் மின்னின. கம்பெனியின் முத்திரை. முகாமில் கொடுத்த தாயில்லாக் குட்டிகள் யார் பாலைக் குடித்துக் கொழுத்தன என்பதும் அவளுக்கு இப்போது விளங்கியது.

திங்கட்கிழமைக்குள் அவள் செய்ய வேண்டிய வேலை ஒன்றே ஒன்றுதான். முகாமில் குட்டி வாங்கிய வீடுகளுக்குத் தடுப்பூசி போட வந்ததாகச் சொல்லிப் போனாள். தடுப்பூசி போடவும் செய்தாள், அது பொய் இல்லை. ஒவ்வொரு குட்டியிடமும் ஒரு சொட்டு ரத்தம் எடுத்தாள். மடியை அழுத்திப் பார்த்தாள். எல்லாவற்றிலும் பச்சைப் புள்ளிகள் இருந்தன. எதிலும் கட்டி இல்லை. செல்கள் பெருகவில்லை, அலையவில்லை, வாடகைக்கு வந்த நல்ல குடித்தனக்காரர்கள் மாதிரி சத்தமில்லாமல் இருந்தன. ஐந்தாவது வீட்டில் அவளை உட்காரவைத்துக் காபி கொடுத்தார்கள், குட்டி அவள் புடவை நுனியைக் கடித்து இழுத்தது. அந்த வீட்டிலிருந்து வெளியே வரும்போது சுகிர்தாவுக்கு அத்தனை நாளில் முதல்முறையாகத் தைரியம் வந்தது.

இதை மூடி மறைக்கலாமா என்று அவள் யோசிக்காமல் இல்லை. சொன்னால், அத்தனை குட்டிகளையும் பிடித்துக் காலி செய்துவிடுவார்கள். சொல்லாமல் விட்டால் ரஸ்க்கு மட்டும் போகும். ஆனால் ரகசியமாகச் சொன்னால்தான் ரகசியமாகக் கொல்லுவார்கள், நடுத்தெருவில் வைத்துச் சொல்லிப் பார்ப்போம் என்று முடிவு செய்தாள். பாத்திமாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். பாத்திமா காத்திருப்போர் வரிசையிலுள்ள மற்றப் பெண்களுக்கு ஒவ்வொருவராகப் போன் போட்டாள்.

திங்கட்கிழமை காலையில் கூண்டு வண்டி வந்தது. பின்னாலேயே கம்பெனிக் காரில் சிவசைலமும் வக்கீலும் வந்து இறங்கினார்கள். தெருவில் இவ்வளவு பெண்கள் நிற்பார்கள் என்று அவர்கள் எதிர்பார்க்கவில்லை. தலையில் முக்காடு போட்டவர்கள், துண்டு கட்டியவர்கள், முடி போன தலையை அப்படியே வெயிலில் காட்டிக்கொண்டு நின்றவர்கள். கையில் ஒரு கல்லோ கம்போ இல்லை, வழியை மட்டும் விடவில்லை. வண்டிக்காரர் எஞ்சினை அணைத்துவிட்டுப் பீடி பற்றவைத்தார்.

சுகிர்தா சிவசைலத்தை இரும்புக் கடைச் சந்துக்குக் கூட்டிப் போனாள். அவர் குனிந்து பார்த்தார். ரஸ்க்கும் நாலு குட்டிகளும் இருந்த இடத்திலேயே இருந்தன. அவருக்கு விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. விளங்கியதும் முகத்தில் ரத்தமே இல்லை. அவள் நீட்டிய நுண்ணோக்கியை வாங்கிக் கண்ணில் வைத்தார்.

வக்கீல்தான் முதலில் சுதாரித்தார். அப்படியானால் இந்த நாலும் பாத்திரங்கள்தான், இவற்றையும் சேர்த்து ஏற்றிவிடலாம் என்றார். எல்லோருக்கும் கேட்கும்படி சத்தமாகவே சொன்னார்.

"சரி. ஏத்துங்க" என்றாள் சுகிர்தா. "ஆனா இதோட முடியல. இதுக்கு முன்னாடி குடிச்சதுங்களும் இருக்கு. முகாம்ல நீங்க ரிப்பன் கட்டிக் குடுத்தீங்களே, அதே அஞ்சு குட்டி. நான் அஞ்சையும் பாத்துட்டேன். அஞ்சுலயும் இருக்கு. மகாராஜநகர்ல ஒண்ணு, ஜங்ஷன் பக்கம் ரெண்டு, என்.ஜி.ஓ. காலனியில ஒண்ணு." அவள் மூச்சு வாங்கிக்கொண்டு சிவசைலத்தைப் பார்த்தாள். "அஞ்சாவது மேஜர், சார்."

மேஜர் என்பது சிவசைலத்தின் கடைசி மகள் நிலானி வைத்த பேர். படத்துக்காகத் தூக்கிய குட்டியை அவர் முகாமிலேயே இறக்கி விட்டுத்தான் வந்தார். ஆனால் பேப்பரில் படத்தைப் பார்த்துவிட்டு நிலானி பிடித்த அழுகையில் அது வீட்டுக்கே வந்துவிட்டது. முழங்கால் உயரம்கூட இல்லாத அந்த மேஜர்தான் இப்போது அந்த வீட்டில் அதிகாரம் செய்துகொண்டிருந்தது. ஆய்வகத்தில் எல்லோருக்கும் இது தெரியும், அவரே படம் காட்டிப் பெருமைப்பட்டிருக்கிறார்.

"முதல்ல உங்க வீட்டுலேர்ந்து ஆரம்பிங்க" என்றாள் சுகிர்தா. "நிலானி ஸ்கூல் விட்டு வர்றதுக்குள்ள வண்டி போகட்டும். பிறகு மத்த வீடுங்களுக்கு நானே வழி காட்டுறேன். அதுக்கப்புறம் இந்த அக்கா. இவங்களும் நாளைக்குப் பாத்திரம்தானே."

சந்தில் குட்டிகள் சப்புகிற சத்தம் கேட்டது. சிவசைலம் வக்கீலைத் திரும்பிப் பார்த்தார். வக்கீல் அந்த நேரத்தில்தான் தான் சொன்ன சட்டத்தின் மறுபாதியை நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது. அவர் முகம் போன போக்கைப் பார்த்து பாத்திமாவே கேட்டுவிட்டாள்.

"உரிமைக்காரவிய தன் கையாலேயே ஊருக்குள்ள குடுத்துட்டா உரிமை போச்சுன்னு நீங்கதான சொன்னீயளாம்? ரிப்பன் கட்டி, பேப்பர்ல படம் போட்டுல்லா குடுத்திய. எங்கிட்ட அந்தப் பேப்பர் இருக்கு. தச்ச துணியைச் சுத்திக் குடுக்க வச்சிருந்தேன்."

பெண்களில் யாரோ களுக்கென்று சிரித்தாள். அது அப்படியே தெரு முழுக்கப் பரவியது. சிரித்தவர்களில் பாதிப்பேருக்கு அடுத்த பொங்கல் உண்டா என்று தெரியாது. ஆனாலும் சிரித்தார்கள். சுகிர்தாவுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது, அதைத் துடைத்துக்கொள்ளவும் அவள் கூச்சப்படவில்லை. வக்கீல் காருக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். சிவசைலம் பின்னால் ஏறினார். கூண்டு வண்டி காலியாகவே திரும்பிப் போனது. இவ்வளவு அமர்க்களத்திலும் ரஸ்க்கு எழுந்திருக்கவே இல்லை.

சுகிர்தாவை வேலையிலிருந்து நீக்கியிருக்கிறோம் என்ற செய்தி மத்தியானத்துக்குள் வந்துவிட்டது. அவள் அதை எதிர்பார்த்துத்தான் இருந்தாள். பாத்திமாவின் கடையில் பெஞ்சில் உட்கார்ந்து, அடுத்து எந்தக் கல்லூரிக்குப் போய், யார் காலில் விழுந்து இந்தச் சிகிச்சையை நடத்தச் சொல்வது என்று இருவரும் பேசிக்கொண்டிருந்தார்கள். உரிமை போய்விட்டதென்றால் யாரும் செய்யலாம். ஆனால் யாராவது செய்ய வேண்டுமே, அதுவும் சீக்கிரம். பேச்சு அங்கேயே சுற்றிச் சுற்றி வந்தது. பாத்திமாவுக்குப் பக்கவாட்டில் வலி இருந்தது என்பது அவள் உட்கார்ந்திருந்த விதத்திலேயே தெரிந்தது.

அந்தி சாய்கிற நேரம் ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. கம்பெனிக் கார் இல்லாமல், கோட்டு இல்லாமல், பனியன் தெரிகிற வெள்ளைச் சட்டையில் சிவசைலம் வந்திருந்தார். கையில் பாத்திமாவின் ஒப்பந்தம். கடைசி வரி பேனாவால் அடிக்கப்பட்டு, ஓரத்தில் அவருடைய கையெழுத்து இருந்தது. நாளைக்குக் கம்பெனி தன்னையும் வீட்டுக்கு அனுப்பலாம் என்றும், அதற்குள் வேலையைத் தொடங்கிவிட்டால் நடுவில் நிறுத்த யாராலும் முடியாது என்றும் சுருக்கமாகச் சொன்னார். சுகிர்தாவின் நீக்கத்தையும் நிறுத்தி வைத்திருப்பதாகச் சொன்னார். மன்னிப்பு என்ற வார்த்தை அவர் வாயில் வரவில்லை, அதை யாரும் கேட்கவும் இல்லை.

பாத்திமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை மெதுவாகப் படித்தாள். பிறகு தையல் மிஷின் பலகையின் மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டாள். காலையில் வெறும் வயிற்றோடு வாருங்கள் அக்கா, முதல் துணுக்கை நானே எடுக்கிறேன் என்றாள் சுகிர்தா.

சிவசைலம் போகவில்லை. படியிலேயே நின்றுகொண்டிருந்தார். ஏதோ கேட்க வந்து கேட்க முடியாமல் நிற்கிறார் என்று தெரிந்தது. சந்துப் பக்கம் ஒரு தடவை பார்த்தார், செருப்பைப் பார்த்தார்.

"சுகிர்தா" என்றார். "மேஜருக்கு ஒண்ணும் ஆகாதுல்லா?"

பாத்திமா நிமிர்ந்து பார்த்தாள். அவள் கேட்ட அதே கேள்வி, கிட்டத்தட்ட அதே குரலில். அன்றைக்கு அதற்குக் கிடைத்த பதில் சுகிர்தாவுக்கும் தெரியும், கேட்டவருக்கும் தெரியும். அந்தப் பதிலையே எடுத்து அவர் முகத்தில் அடித்திருக்கலாம். நாக்கின் நுனி வரைக்கும் வந்தது.

"இப்போதைக்கு நல்லா இருக்கு சார். இனிமே என்ன ஆகும்னு எனக்கும் தெரியாது" என்றாள் சுகிர்தா. "மாசா மாசம் கொண்டு வாங்க, நான் பாக்கறேன். எது வந்தாலும் நான் பொறுப்பு. மேஜருக்கும் பொறுப்பு, இந்த அக்காவுக்கும் பொறுப்பு."

சிவசைலம் தலையை ஆட்டினார். ஸ்கூட்டருக்குத் திரும்பப் போனவரைப் பாத்திமா கூப்பிட்டு நிறுத்தினாள்.

"சார், கொஞ்சம் தள்ளி நில்லுங்க. ரஸ்க்கோட தட்டை மிதிச்சிட்டு நிக்கீய."

அவர் சட்டென்று காலை எடுத்தார். குனிந்து, நசுங்கிய தட்டைத் தன் கையாலேயே எடுத்துச் சாக்கின் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்.